சாமிக்குப் படைக்காத கேக்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைச் சொன்னாலும் ‘ஏன்?’ என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. முடி வெட்டுகிறவரிடம் கேட்பேன். பல் பிடுங்குகிற டாக்டரிடம், வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்பேன். தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை எனக்குக் கிடைத்ததே இந்த வியாதியால்தான். (அங்கே ‘ஏன்’ என்று கேட்பதற்குச் சம்பளமே தருகிறார்கள்.) அப்பேர்ப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில் ‘ஏன்’ கேட்காமல் விட்டேன். அது என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

அப்போது ஈவ்லினும் நானும் பழக ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் கிள்ளான் பையன், வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடும் வீடு. அவள் பிரிக்ஃபீல்ட்ஸ் பெண், மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம். அவள் அப்பா சாமுவேல் அங்கிள் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா ரூபி ஆன்டி கேக் செய்வதில் பெரிய கை. அவர்கள் சபையில் யாருக்குக் கல்யாணம், யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் அவர் ஓவனிலிருந்துதான் வரும்.

ஈவ்லின் ஒருநாள் துணிந்து வீட்டில் என்னைப் பற்றிச் சொன்னாள். ஆன்டிதான் பிடித்துக்கொண்டார்.

“அவங்க வீட்ல கேக்னா என்னன்னு தெரியுமாடி? கிறிஸ்துமஸ் அன்னிக்கு நீ அங்க என்ன பண்ணுவே, முறுக்கு சுட்டுக்கிட்டு உட்காந்திருப்பியா?”

“அவரே சூப்பரா கேக் செய்வாரும்மா!” என்று இவள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

“ஓஹோ. அப்போ சனிக்கிழமை டீக்கு வரச் சொல்லு. கேக்கோட வரட்டும், பார்க்கலாம்.”

போனில் ஈவ்லின் இதைச் சொன்னதும் அலறினேன். “நான் முட்டைகூட ஒழுங்கா அவிச்சதில்லையே! ஏன் அப்படிச் சொன்னே?”

“ஏன்னு கேட்காதே, செய் லா! பனானா கேக் பண்ணு. சின்னப் பிள்ளைங்ககூட பண்ணும். மேல சாக்லேட் உருக்கி ஊத்திடு. உள்ள என்ன குறை இருந்தாலும் சாக்லேட் மூடிடும்.”

யூடியூபில் பத்து வீடியோ பார்த்தேன். பத்தும் பத்து விதமாக இருந்தன. போதாக்குறைக்கு, அதில் வருகிறவர்களிடம் ‘ஏன்’ என்று கேட்கவும் முடியாது. ஆகவே எங்கள் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் காக் சல்மாவிடம் (‘காக்’ என்றால் மலாயில் அக்கா) சரணடைந்தேன். அவர் கேன்டீனுக்குக் கொண்டுவரும் வாழைப்பழ கேக் ஐந்து நிமிடத்தில் காலியாகிவிடும். வேலை முடிகிற நேரத்தில் பேப்பரும் பேனாவுமாகப் போய் நின்றேன். (பேசியதெல்லாம் மலாயில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.)

“அஞ்சு பழம், நல்லா கறுத்தது.”

“ஏன் கறுத்தது?”

“அதுலதான் இனிப்பு. ரெண்டு முட்டை, ஒன்றரை கப் மாவு, முக்கால் கப் சீனி, அரை கப் எண்ணெய், ஒரு டீஸ்பூன் சோடா உப்பு.”

“சோடா உப்பு ஏன்?”

“உப்பி வரத்தான் லா.”

“அப்போ ரெண்டு ஸ்பூன் போட்டா ரெண்டு மடங்கு உப்புமா?”

“சுரேன், நீ கேக் செய்யப் போறியா, கேஸ் போடப் போறியா?”

அந்த நேரம் பார்த்து சைரன் ஊதியது. காக் சல்மா பையைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை பஸ்ஸை நோக்கி ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். நானும் கூடவே ஓடினேன். சைரன் சத்தத்தில் அவர் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். என் காதில் விழுந்தது கடைசி இரண்டு வார்த்தைதான்: “காப்பூர், சிக்கிட்.” சிக்கிட் என்றால் கொஞ்சம். எழுதிக்கொண்டேன். ஏன் என்று கேட்பதற்குள் பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து பேப்பரை விரித்து வைத்து யோசித்தேன். காப்பூர் என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுவோமே, அந்தச் சாக்கட்டியும் காப்பூர்தான். அலமாரியில் பூச்சிக்குப் போடும் உருண்டையும் காப்பூர்தான். இரண்டையும் மனுஷன் தின்ன முடியாது. (தரப் பரிசோதகன் அல்லவா, முறைப்படி ஒவ்வொன்றாக நீக்கினேன்.)

பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. நம் கடை மலாயில் ‘கெடாய்’. நம் பெட்டி ‘பெத்தி’. ரஸ்தாளி அங்கேயும் ரஸ்தாளிதான். அப்படியானால் காப்பூர்? கற்பூரம்! அம்மா சர்க்கரைப் பொங்கலில் போடுவாரே, பச்சைக் கற்பூரம்! காக் சல்மாவின் கேக் அவ்வளவு ருசியாக இருக்கும் ரகசியம் இதுதானா! என் அறிவை நினைத்து எனக்கே புல்லரித்தது.

மறுநாள் கிள்ளானில் பூஜைச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, “எத்தனை படிப் பொங்கலுக்கு?” என்று கேட்டார்.

“பொங்கலுக்கு இல்லக்கா, கேக்குக்கு.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கேக்குக்கா? சரி சரி, இப்போ என்னென்னமோ பண்றாங்க. குண்டுமணி அளவு போதும் தம்பி. கூடப் போட்டா கசக்கும்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையை ஆரம்பித்தேன். முட்டையைக் கையில் எடுத்ததும் அம்மா பார்த்துவிட்டார்.

“டேய்! வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள முட்டையா?”

“மாவுல கலந்துட்டா அது முட்டை இல்லம்மா.”

“அப்போ என்ன, கத்தரிக்காயா? பின்னால எடுத்துட்டுப் போ!”

பின்பக்க அடுப்படியில்தான் எல்லாம் நடந்தது. பழத்தைப் பிசைந்தேன், முட்டையை அடித்தேன், மாவைச் சலித்துக் கொட்டினேன். கற்பூரத்தை எடுத்தபோது மட்டும் ஒரு நிமிடம் யோசித்தேன். மேலே சாக்லேட் வேறு வரப்போகிறது, வாசனை அமுங்கிவிடுமே என்று குண்டுமணி அளவை நான்காக்கினேன். மாவை நக்கிப் பார்த்ததில் நாக்கு ஜில்லென்றது. பலே என்று நினைத்துக்கொண்டேன்.

கேக் வேகும்போது வீடு முழுக்கக் கற்பூர வாசம். எனக்குச் சந்தேகமே வரவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் அந்த வாசம் வராவிட்டால்தான் சந்தேகம் வரும். ஹாலில் அம்மா மணியடித்துத் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தார்.

சாக்லேட்டில் ஒரு சின்ன விபத்து நடந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தது. வழவழவென்று இருந்த சாக்லேட் அப்படியே மணலாகத் திரண்டுவிட்டது. ஏன் அப்படி? ஆச்சரியம் தாங்கவில்லை. இரண்டாவது பாக்கெட்டை உருக்கி, வேண்டுமென்றே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். அதுவும் மணலானது. (விஞ்ஞானம்!) மூன்றாவது பாக்கெட்டைத்தான் கேக்கில் ஊற்றினேன். உண்மையிலேயே பளபளவென்று அழகாக இருந்தது.

சனிக்கிழமை கிளம்பும்போது அம்மா நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டார். எங்கே போகிறேன் என்று அவருக்குத் தெரியும். “நல்லபடியா முடியும்பா” என்று மட்டும் சொன்னார். மடியில் கேக் பெட்டியோடு ரயிலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஆன்டி ஒருவர் மூக்கை உறிஞ்சி, “கோயிலுக்கா தம்பி?” என்று கேட்டார். விபூதியைப் பார்த்துக் கேட்கிறார் என்று நினைத்தேன். இந்தக் கோலத்தில் போய் நின்றால் ரூபி ஆன்டி என்ன நினைப்பார்? இறங்கியதும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துவிட்டேன். துடைக்கும்போது மனசு என்னவோ போலத்தான் இருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் சாமுவேல் அங்கிள் கேட்ட முதல் கேள்வி: “எந்த ரயில்ல வந்தீங்க? எத்தனை நிமிஷம் லேட்டு?”

“எட்டு நிமிஷம் அங்கிள்.”

அவர் எனக்காக வருத்தப்பட்டாரா, ரயிலுக்காகவா தெரியவில்லை. ஆன்டி பெட்டியைத் திறந்து, குனிந்து, பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தார். “ம்... டாப்பிங் நல்லா செட்டாகியிருக்கே.” ஈவ்லின் முகத்தில் உயிர் வந்தது. அங்கிள் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். ‘இந்தத் தம்பி கொண்டுவந்த ஆகாரத்தையும் ஆசீர்வதியும்’ என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டதாகவே கணக்குப் போட்டேன்.

ஆன்டி கத்தியை வைத்து அழுத்தினார். சாக்லேட் விரிசல் விட்டது. ஒரு ராத்திரி முழுக்க உள்ளே அடைபட்டுக் கிடந்த கற்பூரம் வெளியே வந்தது. மேலே காற்றாடி வேறு சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் மூச்சை இழுத்தார்கள். ஆன்டி கத்தியைத் தட்டின் ஓரமாக வைத்தார்.

“தம்பி,” மெதுவாகக் கேட்டார், “இது சாமிக்குப் படைச்சதா?”

கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த மெதுவான குரல்தான் என்னைக் கொன்றது.

“ஐயோ, இல்ல ஆன்டி! சத்தியமா இல்ல! இதுல முட்டை போட்டிருக்கு. முட்டை போட்டதை எங்க வீட்ல சாமி பக்கமே கொண்டுபோக விடமாட்டாங்க. அம்மா சூடம் காட்டறப்ப கேக் ஓவன்லதான் இருந்துச்சு, ஆனா ஓவன் கதவு மூடியிருந்துச்சு ஆன்டி!” (அந்தக் கடைசி வரியை யார் கேட்டார்கள்? ஈவ்லின் இன்றைக்கும் கேட்கிறாள்.)

“அப்புறம் எப்படிக் கற்பூர வாசம்?”

“கற்பூரம் போட்டிருக்கேன் ஆன்டி.”

“ஏன்?”

வாழ்நாளெல்லாம் ஊரைப் பார்த்து நான் கேட்ட கேள்வி, என்னைப் பார்த்துத் திரும்பி வந்தது. பர்ஸிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்து நீட்டினேன். ஆன்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்தே போனேன்.

“காப்பூர்னா சுண்ணாம்பு, தம்பி! வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பு! அதுவும் கேக்குக்கு இல்ல, பிசாங் கோரெங்குக்கு! அந்தம்மா வாழைப்பழம் பொரிக்கிறதைப் பத்தி ஏதோ சொல்லியிருக்காங்க, நீங்க...” அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உண்மையைச் சொல்லுங்க. இது எத்தனாவது கேக்?” என்றார்.

“முதலாவது, ஆன்டி.”

“அப்போ பொய் சொன்னது யாரு?”

“நான்தான்” என்றேன். அதே நேரத்தில் “நான்தாம்மா” என்றாள் ஈவ்லின்.

இந்தக் கலாட்டாவில் அங்கிளை யாரும் கவனிக்கவில்லை. அவர் பாட்டுக்கு ஒரு துண்டைத் தின்று முடித்துவிட்டு, இரண்டாவதை எடுத்துக்கொண்டிருந்தார்.

“ரூபி, நல்லாத்தான் இருக்கு. சின்ன வயசுல, குவார்ட்டர்ஸ்ல பக்கத்து வீட்டுக்காரங்க பஞ்சாமிர்தம் கொடுப்பாங்க. எங்கம்மா தொடக் கூடாதும்பாங்க. நான் மாடிப்படிக்குக் கீழ உட்காந்து தின்பேன். அதே ருசி.”

“முப்பத்தஞ்சு வருஷமா இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க!”

“நீ கேட்கலையே” என்றவர், என் பக்கம் திரும்பித் தன் நெற்றியோரத்தைத் தொட்டுக் காட்டினார். “தம்பி, இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு. எதுக்குத் துடைச்சீங்க?”

“உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்குமோன்னு, அங்கிள்.”

“அம்மா பூசிவிட்டதா?”

“ஆமா.”

“அம்மா பூசினதைத் துடைக்காதீங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரக் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வியாதி விடுமா? “ஆன்டி, சுண்ணாம்பு போட்டா ஏன் மொறுமொறுன்னு வருது? அப்புறம், உருகுற சாக்லேட்ல ஒரு சொட்டுத் தண்ணி பட்டா ஏன் மணலாயிடுது?” மேஜைக்கு அடியில் ஈவ்லின் என் காலை மிதித்தாள். ஆனால் ஆன்டியின் முகம் மாறியது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் பேசினார். டீ ஆறியே போய்விட்டது. அந்த வீட்டில் இத்தனை வருடமாக எல்லாரும் அவர் கேக்கைச் சாப்பிட்டிருக்கிறார்கள், ஒருவர்கூட ‘ஏன்’ என்று கேட்டதில்லையாம்.

வாசல்வரை வந்து, “அடுத்த சனிக்கிழமை வாங்க. மாவு, முட்டை எல்லாம் இங்க இருக்கு. நீங்க கையை வீசிட்டு வந்தா போதும்” என்றார். ஈவ்லின் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டே சிரித்தாள்.

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் மாமனாரின் பிறந்தநாளுக்கு ஆன்டி கேக் செய்யக் கூடாது. நான்தான் செய்ய வேண்டும், அந்தக் கேக்தான் வேண்டும் என்பது அவர் கட்டளை. (கற்பூரம் குண்டுமணி அளவுதான். சத்தியமாக.) எங்கள் மகளுக்கு இப்போது நாலு வயது. போன மாதம் என் அம்மாவோடு முதல்முறையாக அவளைக் கிள்ளானில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அபிஷேகம் முடிந்து குருக்கள் அவள் கையில் ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் வைத்தார். வாயில் போட்டவள், வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, “டாடி கேக்!” என்று கத்தினாள்.

பிறகு உள்ளங்கையை உற்றுப் பார்த்தாள். குருக்களை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏன் மேல சாக்லேட் இல்ல?”