சின்னவர் நலன் கருதி

மனித இனம் கருணையின் உச்சியைத் தொட்டுவிட்டதா என்று சந்தேகப்படுகிறவர்கள் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு வந்து, கையைக் கழுவி, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வீட்டின் கூடத்தை எட்டிப் பார்த்தால் போதும். சோபாவின் இடப்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு அங்கே ஒரு முயல் படுத்திருக்கும். மன்னிக்கவும், படுத்திருப்பார். பெரிய இனம், எட்டு கிலோ. அழைப்பது 'சின்னவர்' என்று.

வீட்டம்மா ஒரு பெரிய கம்பெனியில் மனிதவள அதிகாரி. கணவர் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறவர். ஞாயிறுதோறும் கூடும் 'சின்னவர் நலக் குழு'வுக்குக் குறிப்பெழுதுகிறவரும் அவர்தான். சின்னவர் வந்த எட்டு மாதத்தில் அந்தக் குழு செய்த சாதனைகள் கொஞ்சநஞ்சமல்ல. குக்கர் விசில் அடிக்கத் தடை. ஒயர்களுக்கெல்லாம் உறை. கனத்த முயலுக்கு வழுவழுத் தரையில் குதிகால் புண்ணாகும் என்பதால் வீடு முழுக்கக் கம்பளம். 'கடினமான தரை எந்த ஜீவனின் காலுக்கும் ஆகாது' என்று தீர்மானத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறது.

அந்தத் தரையைப் பதினோரு வருஷமாக முட்டி போட்டுத் துடைக்கிறவள் மின்னல் அக்கா. வேகத்துக்காகத் தெரு வைத்த பெயர். இப்போது அந்த மின்னல் மூன்று மாடி ஏறி முடிப்பதற்குள் மழையே விட்டுவிடும். கம்பளம் வந்தபின் அவள் வேலை குறைந்ததா என்று கேட்காதீர்கள். அதைச் சுருட்டி, தட்டி, அடியில் துடைத்து, மறுபடி விரிக்க வேண்டும், தினமும்.

இரண்டு மாதம் காத்திருந்து அவளுக்கு எலும்பு டாக்டரைப் பார்க்க நாள் கிடைத்திருந்தது. வியாழன், காலை பத்து மணி. தவறினால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். செவ்வாயன்றே லீவு கேட்டுவிட்டாள்.

"வியாழக்கிழமையா? அன்னைக்குத்தானே சின்னவருக்கு நகம் வெட்டறோம்!" வீட்டம்மா பதறிப்போனார். "உன் மடியிலதானே உக்காருவாரு."

"முட்டி ரொம்ப முடியலம்மா. போன வருஷமே சொன்னேனே."

"போன தடவை நீ லீவு போட்டப்ப அவரு அரை நாள் வாயில ஒண்ணும் வைக்கல. முயல் அரை நாள் சாப்பிடலேன்னா உயிருக்கே ஆபத்து, தெரியுமா? உன் முட்டி எங்க ஓடிப்போகுது? அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

மனிதவளத் துறையில் இதற்குப் பெயர் 'முன்னுரிமை'.

புதன் காலை. அக்கா கம்பளத்தைச் சுருட்டக் குனிந்தாள். முட்டி 'கடக்' என்றது. எந்தச் சத்தத்துக்கு மிரண்டாரோ, சின்னவர் பின்னங்காலால் தரையில் 'தொம்' என்று ஒரு தட்டுத் தட்டினார்.

உள்ளே முக்கியமான மீட்டிங்கில் இருந்த கணவர் காதுமாட்டியோடு ஓடி வந்தார். "ஏன் தட்டறாரு? பயந்தா மட்டும்தானே தட்டுவாரு! என்ன ஆச்சு?"

மின்னல் என்ற பெயர் காலுக்கு மட்டும் வைத்ததல்ல.

"என் முட்டிதான் சார். அது கடக்குன்னா அவருக்கு ஆகல. பாருங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். 'கடக்.' சின்னவரும் வஞ்சனையில்லாமல் 'தொம்' என்றார்.

அடுத்த கால்மணியில், அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டம்மாவின் தலைமையில் அவசரக் கூட்டம் கூடியது.

"எண்ணெய் விட்டா சத்தம் நிக்குமா?" என்றார் கணவர், பேனாவைத் திறந்தபடி.

"அது என்ன கதவா?" என்றார் வீட்டம்மா. " டாக்டர்கிட்ட காட்டணும். நாளைக்கே."

"வேணாம்மா," என்றாள் அக்கா, வெகு பணிவாக. "என் முட்டி எங்க ஓடிப்போகுது? அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"என்ன இப்படிப் பொறுப்பில்லாம பேசற! பயத்துல சாப்பாட்டை விட்டுட்டார்னா?"

"நகம் வெட்டணுமே அம்மா..."

"நகம் கிடக்குது. நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்."

'சின்னவரின் மன அமைதி கருதி, பணியாளரின் முட்டியை உடனடியாகச் சரிசெய்வது' என்று ஏகமனதாக நிறைவேறியது. முட்டியின் உரிமையாளருக்கு ஓட்டு இல்லை.

வியாழன் பத்து மணிக்கு டாக்டர் அந்த முட்டியை மடக்கினார், நீட்டினார், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தனை நாளா வலி?"

"நாலு வருஷமாச்சுங்க."

"நாலு வருஷமா! ரொம்பத் தேஞ்சிருக்கே." டாக்டர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். "நீங்க இவங்க மகளா?"

"இல்ல டாக்டர், எங்க வீட்டுல வேலை பாக்கறாங்க. பதினோரு வருஷமா," என்றார் வீட்டம்மா பெருமையோடு. "எங்க குடும்பத்துல ஒருத்தங்க மாதிரி."

"அப்ப ஏன் முன்னாடியே கூட்டிட்டு வரல?"

"எங்களுக்கே நேத்துதான் டாக்டர் தெரிஞ்சுது. எங்க முயல் கேட்டுச் சொல்லித்தான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"முயல் வந்து எத்தனை நாளாச்சு?"

"எட்டு மாசம்."

"ஓஹோ," என்றார் டாக்டர். "அப்ப உங்க வீட்டுக்குக் காது வந்தே எட்டு மாசம்தான் ஆகுதுன்னு சொல்லுங்க."