பத்து நிமிஷப் பட்டியல்

"நானூறு பேரைப் பிரிக்கப் பத்து நிமிஷமா? அதுக்குள்ள நான் ஒரு காலரே தைச்சிடுவேன்," என்றார் மேனேஜர்.

தையல் ஆலைக்குப் புதிதாக வந்த புரோகிராமருக்குக் காது சிவந்தது. யாருக்கு எந்த இடம், எந்த மிஷின் என்ற பட்டியல் காலையில் வாசல் திரையில் வந்த பிறகுதான் கதவு திறக்கும். இந்த வாரத்துக்குள் அதை வேகமாக்கினால்தான் அவனுக்கு வேலை நிரந்தரம்.

பழைய புரோகிராமைத் திறந்தான். பெயர்கள் கமா போட்டு ஒரே நீள வரியாக இருந்தன. ஒவ்வொரு பெயரை எடுக்கவும் அது முதல் எழுத்திலிருந்து மறுபடி எண்ணிக்கொண்டு வந்தது. அடுத்த தெருவுக்குப் போக, அடிக்கொரு தரம் வீட்டுக்குத் திரும்புகிறவனைப் போல.

"இதை எழுதினவனுக்கு யார் சார் வேலை குடுத்தது?" எல்லார் காதிலும் விழச் சிரித்தான். "நாளைக்குப் பாருங்க. ஒரே செகண்ட்."

கமா கண்ட இடமெல்லாம் வெட்டிப் பெயர் பிரிக்கும்படி புரோகிராமை மாற்றினான். சிலர் பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவிலும் கமா இருந்தது. இனிஷியலும் தனி ஆளாகி, மறுநாள் எல்லாரும் இடம் தள்ளிப் போனார்கள்.

"இஸ்திரி மாஸ்டர் பொத்தான் தைக்கிறாரு. பொத்தான் தைக்கிறவங்க லாரிகிட்ட நிக்கிறாங்க," என்றார் மேனேஜர். "வந்து பாக்குறியா?"

போய்ப் பார்த்தான்.

பெயர்களுக்கு நடுவில் வேறு குறி போட்டு, பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணும் லூப்பையும் புதிதாக எழுதினான். மறுநாள் காவலாளி பட்டியலின் முதல் ஆளை உள்ளே விடவில்லை. முதல் ஆள் மேனேஜர்.

"லிஸ்ட்ல நான் இல்லையாமே."

"கம்ப்யூட்டர் பூஜ்யத்துலேருந்து எண்ணும் சார். நான் ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சிட்டேன். நீங்க..."

"பூஜ்யமா?"

அவன் திருத்த ஓடினான்.

மூன்றாம் நாள் பட்டியல் ஒரே செகண்டில் வந்தது. எல்லாரும் அவரவர் இடத்தில். மேனேஜரும்.

பாராட்டு கேட்க வாசலுக்கே போனான். கதவு திறந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்தார்கள். டிபன் டப்பாக்கள் மூடும் சத்தம் வரிசையாகக் கேட்டது. யாரும் அவனைப் பார்க்கவில்லை.

"என்னக்கா, வேகம் எப்படி?" பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அக்காவிடம் கேட்டான்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுல எல்லாருக்கும் சோறு போட்டுட்டு ஓடி வர்றோம் தம்பி, நாங்க சாப்பிட அந்தப் பத்து நிமிஷம்தான், முன்னாடி இருந்த தம்பிகிட்ட கெஞ்சி, நாங்கதான் அதை அப்படி எழுத வெச்சோம்."