ரிஜெக்ட் லாட்டில் வந்த பதில்

அவசரக்குடுக்கைக்கு யாராவது சிலை வைப்பதாக இருந்தால், அளவெடுக்க என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்போது நான் கம்ப்யூட்டர் ஆள். உள்ளே வரும் தோலின் விவரமெல்லாம் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மின்னும் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரு தடவையில் வந்து இறங்கும் தோல் கட்டுக்கும், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். "சாயம் கம்மி", "ஓட்டை ஜாஸ்தி" என்று அதில் அடிப்பார்கள்.

ஸ்டோரில் ரேவதி, ஆலங்காயத்திலிருந்து வருபவள். வேலை நேரத்தில் எங்கள் போனையெல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால், தரமில்லை என்று கழித்துவிட்டதால் யாரும் திறக்காத ஒரு ரிஜெக்ட் லாட்டின் குறிப்பில்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். "சாப்டாச்சா?" "இன்னிக்கு பஸ் லேட்டு." (காதல் என்று இருவருமே வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு அந்தத் தைரியம் ஏது?)

எல்லா விவரத்தையும் புதிய சாப்ட்வேருக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. கூடவே தலைக்கனமும். மாற்றுவதற்கு முந்தைய மாலை துணிந்து அடித்துவிட்டேன்: "அம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரட்டுமா?"

மறுநாள் ஸ்டோர் பக்கம் போனேன். நிமிராமலே, "போய் குறிப்பைப் பாருங்க" என்றாள் ரேவதி.

ஓடிப்போய்ப் பார்த்திருக்க வேண்டாமா? இந்தத் துரைக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவ்வளவு பெரிய பதிலை அந்த அழுக்குத் திரையில் படிப்பானேன், புதிய கலர் திரையில் படிப்போம்!

மாற்றி முடித்ததும் மேனேஜர் கபீர் பாய் கேட்டார்: "இன்னா தம்பி, பழசு கொஞ்ச நாள் இருக்கட்டுமே?"

"எதுக்கு பாய்? எல்லாம் அங்க வந்துடுச்சு. அழிச்சிடலாம்."

அழித்தேன். புதிய திரையைத் திறந்தேன். எங்கள் லாட்டையே காணோம். ரிஜெக்ட் லாட் எதையும் மாற்ற வேண்டாம் என்று போன வாரம் எழுதிக் கையெழுத்துப் போட்ட மேதை வேறு யாருமில்லை, நான்தான்.

அவளிடமே கேட்டிருக்கலாம். "உன் பதிலைப் படிக்காமலே அழிச்சிட்டேன்" என்று சொல்ல வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அவள் என் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். மூன்றாம் மாதம் அவளுடைய கல்யாணப் பத்திரிகை என் மேஜைக்கு வந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

போன வருஷம் ரேவதியை வேலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"நான் பதில் போட்டேன். நீங்கதான் மூச்சே விடல."

"இன்னா போட்ட?"

"ரிஜெக்ட் லாட்டை இப்ப எதுக்குத் தோண்டுறீங்க?" சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள். பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கதை என் மனைவிக்குத் தெரியும். (நான்தான் உளறினேன்.) ஃப்ரிட்ஜில் பழைய சட்னியைக் கொட்டப் போனால்கூடப் பிள்ளைகள் எதிரிலேயே ஆரம்பித்துவிடுவாள்: "நல்லா பாத்துக் கொட்டுங்க. எவளாவது பதில் போட்டு வெச்சிருக்கப் போறா!"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் இன்றுவரை ஒரு காலிக் கவரைக்கூட உள்ளே எட்டிப் பார்க்காமல் நான் குப்பையில் போட்டதில்லை.