டேப்பு சார் கேட்ட தண்ணி

செஞ்சிக் கோட்டையைக் கட்டின ராஜா மட்டும் இன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால், டேப்பு சார் கையால் நோட்டீஸ் வாங்காமல் தப்பித்திருக்க மாட்டார். "ராஜா, கல்யாண மகாலுக்கு இத்தினி மாடி யாரக் கேட்டு ஏத்துனீங்க? பிளானக் காட்டுங்க" என்று மலை ஏறிப் போய்க் கேட்டிருப்பார். ராஜா யானையைக் காட்டி மிரட்டினால், யானை நிற்கிற இடத்தையும் அளந்திருப்பார்.

எங்கள் ஊரில் வீடு, கடை கட்ட அனுமதி கேட்டால் நேரில் வந்து பார்க்கிற அதிகாரி அவர். அவருக்கு ஒரு பேர் இருந்தது. அது ஆபீஸ் ரெஜிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி இரும்பு டேப்பைத் தொங்கவிட்டிருப்பதால் ஊருக்கே அவர் டேப்பு. பஜாரில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், ரோட்டில் தொங்கும் வாழைத்தார்கள் தானாகக் கடைக்குள் போய்விடும்.

ஆனால் டேப்பை விட ஆபத்தானது அவர் தாகம். வீட்டுக்கு என்று அனுமதி வாங்கிவிட்டு உள்ளே கடை நடத்துகிறவர்களைப் பிடிக்க அவர் எதையும் அளக்க மாட்டார். வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார். சொம்பில் வந்தால் வீடு. பாட்டிலில் வந்தால் கடை. ஒரு தடவைகூடத் தப்பினதில்லை.

இனி என் கதை. நான் செஞ்சிக்காரன் என்பதை நிரூபிக்கப் பத்தாவதில் இரண்டு தரம் கோட்டை விட்டவன். மூன்று வருஷம் கம்பெனி பஸ்ஸில் தூங்கித் தூங்கி வேலைக்குப் போய், கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன பிறகு ஊருக்கு வந்து, சிங்கவரம் ரோட்டில் இருக்கிற எங்கள் வீட்டு முன்அறையில் செல்போன் ரிப்பேர் கடை போட்டேன். பேப்பரில் அது வீடு. போதாததற்கு டைல்ஸ் ஒட்டின இரண்டு படியை ரோட்டிலேயே இறக்கியிருந்தேன்.

"சீல் வெச்சாங்கன்னா உனக்கு மறுபடியும் கம்பெனி பஸ்தான்டா" என்று நைனா தினமும் சாமி கும்பிடுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த பஸ்ஸின் ஹாரன் கனவில் கேட்கும்.

ஒருநாள் காலை டீக்கடையிலிருந்து சிநேகிதன் போன் பண்ணினான். "டேய், டேப்பு உன் தெருவுல திரும்பிட்டாரு!"

பத்து நிமிஷத்தில் கடையை வீடாக மாற்றினேன். போர்டைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். மேசை மேல் அம்மா புடவையைப் போர்த்தினேன். ரிப்பேருக்கு வந்த போன்களை எல்லாம் அள்ளி, அக்கா பிள்ளைக்குக் கட்டியிருந்த தூளியில் கொட்டி ஆட்டிவிட்டேன்.

டேப்பு சார் வந்தார். புடவையைப் பார்த்தார். தூளியைப் பார்த்தார்.

"வீடாப்பா?"

"வீடுதான் சார். கொழந்த தூங்குது."

"அப்டியா. கொஞ்சம் தண்ணி குடு."

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் பழக்க தோஷத்தில் மேசைக்கு அடியில் கையை விட்டு, கஸ்டமருக்குக் கொடுக்கிற பாட்டிலை எடுத்து மூடியையும் திறந்து நீட்டினேன். நீட்டின பிறகுதான் உறைத்தது. அந்த நேரம் பார்த்துத் தூளி பாட ஆரம்பித்தது.

"கொழந்த எழுந்துடுச்சு பாரு. எடு" என்றார்.

போனை நிறுத்தப் போன கை ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. "தம்பி, டிஸ்பிளே மாத்திட்டியா இல்லியா?" என்றது குழந்தை.

டேப்பு சார் தண்ணியை நிதானமாகக் குடித்து முடித்து நோட்டீஸ் எழுதினார். படியை இடிக்க வேண்டும். முன்அறையைக் கடை என்று மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டும் பதினைந்து நாளில் நடக்காவிட்டால் சீல்.

எனக்கு பஸ் ஹாரன் பட்டப்பகலில் கேட்டது. ஆத்திரத்தில் கத்தினேன். "ஊரான் ஊட்ட அளக்குறீங்களே, உங்க ஊட்ட என்னிக்காவது அளந்தீங்களா சார்?"

தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் பேனாவை மூடினார். "இல்லியேப்பா" என்றார். "வா, அளக்கலாம்."

ஊர்வலம் மாதிரி பின்னாலேயே போனோம். டேப்பின் ஒரு முனையை என்னிடமே கொடுத்தார். அவர் வீட்டு ஜன்னல் சன்ஷேடு ரோட்டுப் பக்கம் ஒரு அடி நீட்டிக்கொண்டிருந்தது. மனுஷன் முகம் மாறாமல் வாசலிலேயே உட்கார்ந்து நோட்டீஸ் எழுதினார். அனுப்புநர், பெறுநர் இரண்டிலும் ஒரே பேர். கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து.

மறுநாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு ஸ்டூல் மேல் நின்றார். கீழே அவர் சம்சாரம், "இன்னாய்யா இது, ஊர்ல எவனாச்சும் தன் ஊட்ட தானே இடிப்பானா? மழ பேஞ்சா யாரு நனையறது?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். "நான்தான் நனைவேன், நீ உள்ள போ" என்றார். சொன்ன சொல் தவறவில்லை. அந்த ஐப்பசி முழுக்க ஜன்னலோரம் குடை பிடித்துக்கொண்டுதான் பேப்பர் படித்தார்.

அவர் இடித்ததைப் பார்த்துவிட்டு வந்து எந்த மூஞ்சியோடு படியில் ஏறுவது? அன்று சாயந்திரமே நானே சுத்தியல் எடுத்து உடைத்தேன். ஒவ்வொரு டைல்ஸுக்கும் அவரை ஒரு திட்டு திட்டினேன். மனுவும் எழுதிக் கொடுத்தேன். அவர் வந்து அளந்தார். இரண்டு தரம் அளந்தார். மூன்றாவது தரம் அளந்தபோது நைனாவுக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் கடைக்கு அனுமதி வந்தது. போர்டைத் திருப்பி மாட்டினேன்.

அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் வந்தால் நானே கூப்பிட்டுப் பாட்டிலை நீட்டுவேன். "இப்ப கடதான சார்? தைரியமா குடிங்க." முறைத்துக்கொண்டே குடிப்பார்.

ரிட்டயர் ஆன அன்றைக்கும் வந்தார். கழுத்தில் மாலை இல்லை, வழியிலேயே யாரோ ஒருவர் வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். இடுப்பில் டேப்பும் இல்லை. டேப்பு இல்லாமல் ஆள் ஒரு சுற்று இளைத்த மாதிரி இருந்தார். மறுநாள் மகள் ஊருக்குக் குடி போவதாகச் சொன்னார்.

"கொஞ்சம் தண்ணி குடுப்பா."

நான் குனிந்து பாட்டிலைத் தேடுவதற்குள் உள்ளேயிருந்து அம்மா சொம்போடு வந்துவிட்டாள். அவர் வாங்கவில்லை.

"இது கடம்மா. பாட்டில்தான் வரணும்."

"ஊருக்குத்தான் கட. உங்களுக்கு ஊடு சார்" என்றாள் அம்மா.

அவர் சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். குடித்த பிறகும் கொஞ்ச நேரம் தலையைக் கீழே இறக்கவில்லை.

இப்போது அனுமதி எல்லாம் கம்ப்யூட்டரிலேயே போகிறது. யாருக்கும் தாகம் எடுப்பதில்லை. நான் மட்டும் மேசை ஓரத்தில் சொம்பில் தண்ணி வைத்திருக்கிறேன். "பாட்டில் இருக்கும்போது இது யாருக்குடா?" என்று கஸ்டமர்கள் கேட்கிறார்கள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்று சொல்லியிருக்கிறேன்.