துரைக்காக அடித்த சுண்ணாம்பு

சும்மா இருக்கச் சொன்னால் சும்மா இருக்கத் தெரியாத ஆளிடம் மண்வெட்டியைக் கொடுக்கக் கூடாது. தொண்ணூறுகளின் நடுவில், மலாக்காவில், என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துபோனது. பிறகு லாரியில் மூட்டை இறக்கினேன், சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவினேன், சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் துரு சுரண்டினேன். இருபத்திரண்டு வயதில் ஒற்றைப் பையோடு புலாவ் செபாங்கில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். (லாரியிலேயே தூங்கிப் பழகியதால் பாயில் படுத்தால் தூக்கம் வராது. அக்கா அதைத் திமிர் என்றாள்.) வீடு ஸ்டேஷன் பக்கத்தில். ரயில் கூவும்போதெல்லாம் நான் பையைப் பார்ப்பேன், அக்கா என்னைப் பார்ப்பாள்.

ரெம்பியாவில் படிப்பை விட்ட இளைஞர்களுக்கு ஒரு பயிற்சி நடக்கிறது, விஷ மருந்து அடிக்காமல் மண்ணையும் மரத்தையும் பராமரிக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று அக்காவின் கணவர், மாமா, செய்தி கொண்டுவந்தார்.

"புல்லு வெட்டறதுக்குக் கூடவா படிப்பு லா?" என்றேன்.

"ஒனக்கு அதுவும் தெரியாதுல்ல. போ."

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இதையும் விட்டுட்டு வந்தேன்னு வை, ஒன் பைய வாசல்லயே வச்சிருப்பேன்."

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் மிஸ் பத்மினி. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். விவசாயம் படித்த கையோடு எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டார். பயிற்சிக்காக, புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலை தன் பின்பக்கச் சரிவைக் கொடுத்திருந்தது. செம்மண் மேடு, நாலைந்து பெரிய மரங்கள், கீழே கார் நிறுத்துமிடம். மழை பெய்தால் மண் கரைந்து கார்ச் சக்கரம் வரை வரும்.

மிஸ் எங்களை ஊரெல்லாம் அனுப்பி, காய்ந்த இலையை மூட்டை மூட்டையாக அள்ளிவரச் செய்து சரிவு முழுக்கப் பரப்பினார். தானாக முளைத்த புல்லையும் பிடுங்கக் கூடாது.

"மழையோட அடிய இந்த இலை வாங்கிக்கும். புல்லு வேரு மண்ணப் பிடிச்சிக்கும். விளங்குதா?"

நான் தலையாட்டினேன். (தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன். பல முதலாளிகளிடம் பழகியது.)

மாதங்கள் போயின. தொழிற்சாலை மேனேஜர் என்சே ரஹ்மான் திங்கட்கிழமை சரிவைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் வளாகம் முழுவதும் எங்கள் பொறுப்பு, எல்லோருக்கும் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மருந்து அடிக்கிற பழைய கான்ட்ராக்டரே திரும்பி வருவார்.

"சரிவ அப்படியே விடுங்க. யாரும் ஒண்ணும் செய்ய வேணாம்" என்று மிஸ் சனிக்கிழமை தெளிவாகச் சொன்னார்.

நான் பால்மரத் தோட்டத்தில், ரப்பர் எஸ்டேட்டில், பிறந்தவன். பெரிய துரை வருகிறார் என்றால் தோட்டம் படும் பாடு எனக்குத் தெரியும். ஆபீஸ் முன்னால் ஒரு இலை கிடக்கக் கூடாது, புல் முளைத்த தடம் தெரியக் கூடாது. கல்லுக்கும் மரத்துக்கும் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். துரை காரில் உட்கார்ந்தபடியே தலையசைத்துவிட்டுப் போவார். அந்தத் தலையசைப்புக்காக அம்மா நாளெல்லாம் குனிந்து புல் செதுக்கியிருக்கிறாள். இங்கேயோ மிஸ், முதலாளி வருகிற இடத்தில் குப்பையைப் பரப்பிவைத்துவிட்டு ஒன்றும் செய்யாதே என்கிறார். பாவம், படித்த பெண், உலகம் தெரியவில்லை. அவரைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, கூடப் படித்த மாணிக்கத்தை இழுத்துக்கொண்டு போனேன்.

"மிஸ் வேணான்னாங்களேடா" என்றான்.

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. செஞ்சு காட்டுனா சந்தோஷப்படுவாங்க லா."

வலது பாதி எனக்கு, இடது பாதி அவனுக்கு. அவன் சட்டையைக் கழற்றி முகத்தில் போட்டுக்கொண்டு மரத்தடியில் படுத்துவிட்டான். நான் என் பாதியில் ஒரு புல் விடாமல் செதுக்கினேன். இலைகளைக் கூட்டிக் குவித்துக் கொளுத்தினேன். மரங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தேன். சாயங்காலம் என் பாதி, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலை மாதிரி மின்னியது.

"நீயெல்லாம் உருப்படவே மாட்டடா" என்று மாணிக்கத்தை எழுப்பிச் சொன்னேன்.

மறுநாள் மிஸ் வந்தார். பார்த்தார். அப்படியே திட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு?"

மாலை விழப்போவது போல் கழுத்தை நீட்டிக்கொண்டு முன்னால் போனேன். "நான்தான் மிஸ்."

"ஏன்?"

"மேனேஜர் வர்றாருல்ல மிஸ்."

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். அதற்குள் என்சே ரஹ்மான் வந்துவிட்டார். வெள்ளை மரங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அழகு" என்று மலாயில் சொன்னார். சின்ன வயதில் அவருடைய கம்போங்குக்கு, அந்த மலாய்க் கிராமத்துக்கு, பக்கத்தில் இருந்த தோட்டத்தில் இப்படித்தான் இருக்குமாம். நான் மிஸ்ஸைப் பெருமையாகப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்.

மழை கொட்டியது. எல்லோரும் கார் நிறுத்துமிடத்துக் கூரைக்கு அடியில் ஓடினோம். முதலில் என் சுண்ணாம்பு பால் மாதிரி வழிந்தது. பிறகு என் பாதிச் சரிவு, எரிந்த இலைக்கரியையும் சேர்த்துக்கொண்டு, சிவப்புக் குழம்பாக இறங்கி மேனேஜர் காலில் போட்டிருந்த பளபளப்பான சப்பாத்தை மூடியது. மாணிக்கத்தின் பாதியிலிருந்து தெளிந்த தண்ணீர் மெல்லக் கசிந்தது.

"அந்தப் பக்கம் யார் செய்தது?" என்று இடது பாதியைக் காட்டிக் கேட்டார் மேனேஜர்.

"நான் ஒண்ணுமே செய்யல சார்" என்று மாணிக்கம் பயந்து உண்மையைச் சொன்னான்.

மிஸ் கூரையை விட்டு வெளியே இறங்கினார். நனைந்துகொண்டே போய், இடது பக்க இலையை விலக்கி, கரையாத மண்ணைக் கை நிறைய அள்ளிவந்து காட்டினார். "இது நாங்கள் இத்தனை மாதம் பராமரித்தது. அது நீங்கள் இதுவரை செய்துவந்தது" என்று என் பாதியைக் காட்டினார். மேனேஜர் தன் சப்பாத்தைப் பார்த்தார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எல்லோருக்கும் வேலை கிடைத்தது, என்னைத் தவிர. சரிவு பழையபடி மூடுகிற வரைக்கும் நான் பயிற்சியில்தான் இருப்பேன் என்று மிஸ் சொல்லிவிட்டார். மாணிக்கம்தான் எனக்கு மேல்பார்வை. "டே, அந்த மூலையில எல பத்தல பாரு" என்பான், அதே மரத்தடியில் படுத்துக்கொண்டு.

புல்லை அவசரப்படுத்த முடியாது. ரயில் கூவும், பையைப் பார்ப்பேன், வலது மூலையில் இன்னும் பச்சை பிடிக்கவில்லையே என்று நினைவு வரும். ஒரு நாள் காலையில் இலையை விலக்கினால் அடியில் மண் ஈரமாக, கறுப்பாக, மண்புழுவோடு இருந்தது. மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குடையை மடக்கிவிட்டுக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அடுத்த வாரம் எனக்கும் வேலை கிடைத்தது. அங்கேயே ஆண்டுக்கணக்கில் இருந்தேன். பையில் அக்கா வெங்காயம் போட்டு வைத்தாள்.

மாமாவுக்குத்தான் இந்தக் கதை சலிக்கவே இல்லை. என் கல்யாணத்தில், மாலை மாற்ற நின்றபோது, பெண்ணின் காதருகே குனிந்து சொன்னார்: "கொஞ்சம் ஆடிக்கிட்டே நில்லும்மா. அசையாம நின்னா கால்ல சுண்ணாம்பு அடிச்சிருவான்."

வீடியோவில் அந்த இடம் வந்தால் பிள்ளைகள் இன்றும் நிறுத்திப் பார்க்கிறார்கள். அவள் மாலையோடு குலுங்கிச் சிரிப்பாள். பக்கத்தில் நான், வெள்ளை வேட்டியில், மரம் மாதிரி நிற்பேன்.