கேசரித் திராட்சையும் சவ்வுப் பையும்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. நீங்கள் மழையைப் பற்றிப் பேசுங்கள், மாமியாரைப் பற்றிப் பேசுங்கள், மூன்றாவது வாக்கியத்துக்குள் பேச்சைத் தன் வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். தொழில் புராணிகர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

திருவொற்றியூர் வினிதா இதில் அசல் ரகம். பிளாஸ்டிக்குக்கு உறவுக்கார வஸ்துவான பாலிமரில், கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிச் சவ்வுப் பைகள் செய்வது அவள் ஆராய்ச்சி. அந்தப் பை எப்போது உருண்டையாக இருக்கும், எப்போது தட்டையாகும், எப்போது கிண்ணமாகக் குழியும் என்று அவள் சொல்லக் கேட்காமல் அந்த வீட்டில் ஒருவரும் தண்ணீர் குடித்ததில்லை. முன்னால் பெண் பார்க்க வந்தவர்கள் காபி ஆறும்வரை கேட்டார்கள். 'சொல்லி அனுப்புகிறோம்' என்று போனவர்கள் போனவர்கள்தான்.

காசிமேட்டில் மீன் விற்கும் அவள் அம்மா குப்பம்மா இந்தத் தடவை மகளை முன்னாலேயே பிடித்து உட்கார வைத்தாள். மாப்பிள்ளை வெற்றியின் போட்டோவை, யாரும் இல்லை என்று நினைத்து, மகள் மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்ததை அவள் கவனித்திருந்தாள்.

"த பாரு கண்ணு, அந்தப் பை மேட்டர இன்னிக்கு மட்டும் எடுக்காத. உனுக்குப் புண்ணியமாப் பூடும்."

"சரிம்மா."

இந்த இனத்தின் 'சரி'யை நம்பலாமா?

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வெற்றியும் அவன் அத்தையும் வந்து உட்கார்ந்தார்கள். வினிதா குனிந்த தலை நிமிராமல் கேசரித் தட்டுகளை வைத்தாள். குப்பம்மாவுக்கு மூச்சு வந்தது. அத்தை ஸ்பூனில் ஒரு திராட்சையை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

"ஆன்ட்டி! அதத் தின்னாதீங்க!"

அத்தை ஸ்பூனைப் போட்டுவிட்டாள். "இன்னாமே, பல்லி கில்லி வுயுந்துகீதா?"

"இல்ல ஆன்ட்டி, அந்தக் குழியப் பாருங்க! நெய்யில போட்டப்ப உப்பி உருண்டையா இருந்துச்சு. இப்ப ஆறிடுச்சு. தோலு அதே அளவு, உள்ள கீறதுதான் கம்மி. மீதித் தோலு எங்க போவும்? உள்ளாற மடிஞ்சிகினு குழியாவுது. நம்ம பையும் அப்டித்தான். உள்ள கீற தண்ணி வெளிய போனா மொதல்ல தட்டை, அப்புறம் கிண்ணம், அப்புறம் வாய மூடிகினு பைக்குள்ள பை! அதுல மருந்து வெச்சா..."

குப்பம்மா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

வெற்றி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். "கரெக்டுங்க. நம்ம கிரேன்லயும் இதே கதைதான். கண்டெய்னரத் தூக்கறப்ப காத்து அடிச்சா லோடு ஆடும். சடக்குனு நிறுத்தினா இன்னும் ஆடும். கிரேனும் லோடு பின்னாலயே போவணும்..."

பைக்கும் கிரேனுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் பை நீண்டு குழாயாவதைச் சொன்னாள், அவன் இரும்புக் கயிறு தேய்வதைச் சொன்னான், அவள் பையில் மொட்டு விடுவதைச் சொன்னாள், அவன் ராயபுரம் பக்கம் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைச் சொன்னான். அத்தை திராட்சையை மட்டும் ஒதுக்கிவிட்டு எல்லார் கேசரியையும் தின்று முடித்தாள்.

சாயங்காலமே சம்மதம் வந்துவிட்டது.

"நான் சொல்றத எவ்ளோ கவனமா கேட்டுச்சு பாத்தியா அத்தை!" என்றானாம் வெற்றி.

"என் ஆராய்ச்சிய இவ்ளோ பொறுமையா யாருமே கேட்டதில்லம்மா," என்றாள் வினிதா.

குப்பம்மா சந்தோஷத்தில் அழுதே விட்டாள். அழுது முடித்ததும் அத்தைக்குப் போன் போட்டு, கல்யாணத் தேதியில் ஆரம்பித்து, வஞ்சிரம் வாங்கும்போது செவுளை எப்படித் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதில் போய் நின்றாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நான் எப்போது முடிப்பேன், 'எங்க ஆபீஸ்லகூட...' என்று நீங்கள் எப்போது ஆரம்பிக்கலாம் என்று பாதியிலிருந்தே காத்துக்கொண்டிருக்கிறீர்களே, அது என்ன?