இரண்டு ராத்தல் குப்பை

சுகாதாரம் நாட்டின் கண். இதைக் கண்டுபிடித்தது தும்பவிளைச் சுகாதாரக் கமிட்டி. கண்டுபிடித்த கையோடு கொல்லம் 1109 சித்திரையில் ஓர் உத்தரவும் போட்டது. கமிட்டி ஆபீஸில் வேலை ஸ்திரமாக வேண்டுமானால், சிப்பந்தியின் வீட்டைச் சோதித்து, அங்கே வாரந்தோறும் குறைந்தது இரண்டு ராத்தல் குப்பை சேருகிறது என்று சர்டிபிகேட் வாங்க வேண்டும். காரணம் தெளிவானது. வெளியே வந்த குப்பை கண்ணுக்குத் தெரியும். வெளியே வராத குப்பை வீட்டுக்குள்தானே இருக்க முடியும்?

உத்தரவைக் கேட்டு ஊரில் யாரும் கவலைப்படவில்லை. நேசபாய் கவலைப்பட்டாள்; வீட்டைச் சோதிப்பார்கள் என்பது மட்டும்தான் அவளுக்கு எட்டியிருந்தது. அவள் புருஷன் ஏசுஅடிமை ஒன்பது வருஷமாக அந்த ஆபீஸில் தற்காலிகப் பியூன். இந்தத் தடவை ஸ்திரமாகாவிட்டால் வைகாசியோடு சீட்டுக் கிழியும். வீட்டில் நாலு பிள்ளைகள். மூத்ததுக்கு ஏழு வயது, கடைசி தவழ்கிறது. ஒற்றை அறை ஓலை வீடு. ஆறு பேரும் படுத்தால் மிச்ச இடம் ஒரு பூனைக்குத்தான் உண்டு, பூனையும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஞானதாசன் சோலாத் தொப்பியோடு குனிந்து உள்ளே வந்தார். பின்னால் ஏசுஅடிமை, தராசைச் சுமந்துகொண்டு, சொந்த வீட்டுக்குள் அந்நியன் மாதிரி நுழைந்தான்.

“குப்பை எங்கே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“குப்பை இல்ல சார்” என்றாள் நேசபாய், பெருமையாக. பாவம், அவளுக்கு விவரம் போதாது.

“மீன் சாப்பிடுவதுண்டா?”

“சாளை கிடைச்சா உண்டும் சார்.”

“முள்?”

“பூனைக்கு.”

“பூனை மிச்சம் வைத்தால்?”

“தென்னை மூட்டுல புதைப்போம்.”

“அந்தத் தென்னையின் சிரட்டை, உரித்த தொண்டு?”

“சிரட்டையில அகப்பை செய்வோம். தொண்டு அடுப்புக்கு.”

“சாம்பல்?”

“சட்டி தேய்க்க. தேய்ச்ச தண்ணி சேம்புக்கு.”

“சேம்பு?”

“அத நாங்க தின்னுவோம் சார்.”

“கிழிந்த வேட்டி?”

“மூத்தவனுக்குத் துண்டு. பொறவு சின்னதுக்குத் தொட்டில். அதுக்கும் பொறவு விளக்குத் திரி.”

திரி எரிந்த பிறகு என்ன என்று கேட்க வாயெடுத்த இன்ஸ்பெக்டர், தம்மைத் தாமே அடக்கிக்கொண்டார். டைரியில் எழுதினார்: ‘மேற்படி வீட்டில் குப்பையானது ஓரிடத்தில் நில்லாமல் சுற்றிச் சுற்றி ஒளிந்து வருகிறது. நிலைமை கவலைக்கிடம்.’ பிறகு, நம்பர் பதினேழு என்று பெயிண்ட் அடித்த ஒரு தகரத் தொட்டியை வைத்து, எட்டு நாள் தவணை கொடுத்துப் போனார். அவர் தலை மறைந்ததும் கடைசிப் பிள்ளை தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறங்கச் சொன்னால் அழுதது.

“ஏதாவது ஒண்ண எறிஞ்சு தொலையேன்” என்று ஏசுஅடிமை கெஞ்சினான்.

“என்னத்த எறியச் சொல்லுதிய? ஒங்களயா?” என்றாள் நேசபாய். சொல்லிவிட்டு அவளே அழுதாள். வேலை போனால் நாலு வாய்க்கு எங்கே போவது?

ஆறு நாள் எறியப் பார்த்தாள். எதை எடுத்தாலும் அதற்கு ஒரு வேலை இருந்தது. ஏழாம் நாள் வெட்கத்தை விட்டு வக்கீல் ரசலையன் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றாள். வக்கீல் வீடு நாகரிகமான வீடு. தேயிலை டப்பாவில் வரும், பிஸ்கட் டப்பாவில் வரும், சோப்பு மூன்று உறை போட்டு வரும். அன்றாடம் ஒரு கூடை வெளியே போகும்.

“கொஞ்சம் குப்பை இரவல் தருவியளா அம்மா? நாளைக்கு நிறுத்ததும் திருப்பித் தந்துருவேன்.”

வக்கீல் மனைவி லீலாபாய்க்கு முகம் மலர்ந்தது. அவள் குப்பையை இதுவரை யாரும் மதித்ததில்லை. “தாராளமா எடுத்துட்டுப் போ. எல்லாம் நல்ல குப்பையாக்கும்” என்றாள்.

மூன்று ராத்தல் தேறும். தலையில் சுமந்து வந்து தொட்டியில் கொட்டிவிட்டு, நேசபாய் நிம்மதியாகக் குளிக்கப் போனாள். குளித்து வந்தால் தொட்டியில் மறுபடியும் கடைசிப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. தேயிலை டப்பாவில் மூத்தவன் துளை போட்டு விளக்காக்கியிருந்தான். சோப்பு உறை நூல்கண்டு சுற்றப் போயிருந்தது. கிழிந்த ரிப்பன் இரண்டாவது மகள் தலையில். துருவாமல் விட்ட தேங்காய் மூடியை மூன்றாவது சுரண்டித் தின்று முடித்து, சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்திருந்தது. எவ்வளவு நல்ல பிள்ளைகள்!

“அடப் பாவிகளா! எனக்க குப்பையக் காணல்லியே!” என்று நேசபாய் மாரில் அடித்துக்கொண்டாள். முதுகில் ரெண்டு போடலாம் என்று கையை ஓங்கினாள். என்ன தப்புக்கு என்று விளங்காமல் நாலும் அவளைப் பார்த்தன. கை தானாகக் கீழே இறங்கிவிட்டது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார், தொட்டியைப் பார்த்தார். நேசபாய் ஒளிக்காமல் சொன்னாள்.

“இரவல் குப்பையும் வாங்கிப் பாத்தாச்சு சார். இந்த வீட்டுக்குள்ள வந்தா அது குப்பையா இருக்கமாட்டேங்குது.”

இன்ஸ்பெக்டர் யோசித்தார். அவர் யோசித்தால் விபரீதம் வராமல் இராது. “இது ஒளிப்பு அல்ல. இது பஞ்சம்” என்று தீர்ப்புச் சொன்னார். நெல்லுக்குப் பஞ்சம் வந்தால் சர்க்கார் நெல் கொடுக்கும். குப்பைக்குப் பஞ்சம் வந்தால் கமிட்டிதான் கொடுத்தாக வேண்டும். ஆகவே வக்கீல் வீட்டுக் குப்பையை வாரந்தோறும் இந்த வீட்டில் இறக்கி, பிள்ளைகள் தொடுமுன் நிறுக்க வேண்டியது; அதைச் சுமந்து வர ஸ்திரமான பியூன் ஒருவர் தேவை. அப்படித்தான் ஏசுஅடிமைக்கு வேலை ஸ்திரமாயிற்று.

நேசபாய் முழங்காலில் நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னாள். ஏசுஅடிமை ஒரு குடை வாங்கினான். செய்தி கேட்டு லீலாபாய் நேரில் வந்து அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தாள்.

“என்ன நேசபாய், ஸ்திரமானவங்க வீட்டுல இன்னும் சிரட்டை அகப்பையா?”

அன்று சாயங்காலமே அகப்பை தொட்டிக்குப் போயிற்று. முதல் நாள் இரண்டு தரம் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டாள். மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஆவணிக்குள் வக்கீல் வீட்டு உதவி தேவைப்படவில்லை. அந்த வீடு சொந்தக் காலில் நின்று இரண்டு ராத்தல் குப்பை போட்டது. பிள்ளைகள்கூடத் தேங்காய் மூடியைப் பாதியில் எறியக் கற்றுக்கொண்டன.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுத்த வீட்டுத் தேவகனி தொட்டியிலிருந்து ஒரு குழந்தைச் சட்டையை எடுத்தாள். கக்கத்தில் மட்டும் சின்னக் கிழிசல். அவள் இடுப்பிலிருந்த பிள்ளை மேலுக்கு ஒன்றுமில்லாமல் சாரலில் நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஏட்டி தேவகனி! வையி கீழ!”

“நீங்க வேண்டாம்ணு போட்டதுதான அக்கா?”

“வேண்டாம்ணுதான் போட்டேன். அதுக்காவ நீ எடுக்கலாமா? அது மூணு பலம் எடை உண்டும். நிறுக்கும்ப குறைஞ்சா எனக்க மாப்பிள்ளைக்க வேலைய நீ தருவியா?”

தேவகனி சட்டையை மடித்து, பத்திரமாகத் திரும்பத் தொட்டியில் வைத்தாள். இன்ஸ்பெக்டர் வந்தார். ஊரே வேலியோரம் நின்று பார்க்க, தராசு இரண்டு ராத்தலில் ஆடாமல் நின்றது. “முதல் தரம்! எல்லா வீடும் இப்படி இருக்க வேண்டும்” என்றார் அவர். ஊர் தலையாட்டியது. பிறகு எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டில் எறிவதற்கு என்ன இருக்கிறது என்று தேடப் போனார்கள்.

தேவகனியும் போனாள்.